வேடமும் பொய்ம்முகமும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் தன்னைக் காட்டும் முறைகள் பற்றிய ஒரு நோக்கு

1

சமூக ஊடகங்கள் மனிதனைப் பல முகங் கொண்டவனாக்கிவிட்டன என்னும் குற்றச்சாட்டு இன்று கோயில் வீதியிலும் பாடசாலை மேடையிலும் பத்திரிகைப் பத்திகளிலும் ஒருங்கே கேட்கப்படுகின்றது. முகநூலில் ஒருவராகவும், வட்ஸ்அப் குழுவில் வேறொருவராகவும், டிக்டொக்கில் முற்றிலும் மற்றொருவராகவும் தோன்றுபவர் உண்மையில் எவர் என்ற வினா எழுப்பப்படுகின்றது. அவர் காட்டுவன யாவும் முகமூடிகளே என்ற விடையும் உடன் கூறப்பட்டுவிடுகின்றது. இக்குற்றச்சாட்டினுள் ஓர் எடுகோள் அடங்கியுள்ளது. மனிதருக்கு உண்மை முகம் ஒன்றே உண்டு. எவ்விடத்தும் எவர் முன்னிலையிலும் அது மாறாதிருத்தலே நேர்மை. மாறுதல் வஞ்சனை என்பதே அவ்வெடுகோள்.

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பிரதேசத்தின் கூத்துமரபு, குடிமரபு, பேச்சுமரபு என்பவற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வெடுகோளைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பல முகங் காட்டல் இப்பிரதேசத்தாருக்குப் புதிதன்று என்பது முதலில் காட்டப்படும். புதிதாக நேர்ந்திருப்பது எது என்பதும், வஞ்சனையென்று கடியத்தக்கது எது என்பதும் அதன்பின் ஆராயப்படும்.

எர்விங் கொஃப்மன் என்னும் சமூகவியலாளர் ஸ்கொத்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெற்லாந்துத் தீவொன்றில் வாழ்ந்த சிறு விவசாயிகளிடையே கள ஆய்வு செய்தவர். 1956 இல் எடின்பரோவில் வெளிவந்து, 1959 இல் விரிவாக்கம் பெற்ற அவரது நூல், அன்றாட வாழ்விலே மனிதர் தம்மைக் காட்டிக்கொள்ளும் முறையை நாடக அரங்கின் சொற்களைக் கொண்டே விளக்கியது. முன்மேடை, பின்மேடை என்னும் பாகுபாடும், ஒரு சபைக்குக் காட்டும் முகத்தை இன்னொரு சபை காணாதவாறு சபைகளைப் பிரித்து வைத்தல் என்னும் கருத்தும் அவர் தந்தவை. சமூக ஊடகங்களைப் பற்றி எழுதுவோர் பலரும் இன்று இவரிடமிருந்தே தொடங்குகின்றனர். ஆயின் கொஃப்மன் மனத்திற்கொண்ட அரங்கு மேனாட்டுப் படச்சட்ட அரங்கு என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒருபுறம் மட்டும் திறந்து, ஏனைய முப்புறமும் மூடப்பட்டது அது. வாவிக்கரையின் அரங்கு அத்தகையதன்று. அரங்கின் வடிவம் வேறுபடின், அரங்கை உவமையாகக் கொண்டு எழுந்த சிந்தனையும் வேறுபடுதல் இயல்பே.

2

மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வட்டக்களரியில் ஆடப்படுவன. சபை நாற்புறமும் சூழ்ந்திருக்கும். ஆட்டக்காரர் எத்திசை திரும்பினும் பார்ப்போர் உளர். மறைந்துகொள்ளத் தக்க பக்கமொன்று களரியில் இல்லை. அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் பிற்பாட்டுக்காரரும் களரியின் நடுவிலேயே எல்லோருங் காண நிற்பர்.

கூத்து அரங்கேறுமுன் நிகழ்வனவும் இங்குக் கருதற்பாலன. சட்டங்கொடுத்தல், சதங்கையணிதல், கிழமைக்கூத்து, அடுக்குப்பார்த்தல் எனப் படிப்படியாகப் பல மாதங்கள் பயிற்சி நடைபெறும். எவருக்கு எவ்வேடம் என்பது ஊரறியத் தீர்மானிக்கப்படும். வயலிலிருந்தும் வாவியிலிருந்தும் திரும்பிய ஒருவர் சிறிது சிறிதாக அருச்சுனனாகவோ இராவணனாகவோ மாறிவருவதை ஊரார் இரவிரவாகப் பார்த்திருப்பர். எனவே அரங்கேற்றத்தன்று களரிக்கு வரும் அருச்சுனனை அருச்சுனனாக மட்டும் எவரும் காண்பதில்லை. இன்னாரின் மகன், இன்ன வயலுக்குச் சொந்தக்காரர், சென்ற போகத்தில் இன்னாரோடு வாய்க்காலுக்காக வழக்காடியவர் என்பதெல்லாம் சபைக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அவர் அருச்சுனனே என்பதைச் சபை ஏற்றுக்கொள்கின்றது. பெண் வேடத்தை ஆண் தாங்கும்போதும் இதுவே நிகழ்கின்றது.

வேடத்தையும் வேடந் தாங்கியவரையும் ஒரே நேரத்தில் அறிந்திருக்கும் இந்நிலையை இரட்டையறிவு என இக்கட்டுரையில் வழங்குவோம். கூத்தின் இன்பம் இவ்விரட்டையறிவினாலேயே பிறக்கின்றது. கூத்தின் நேர்மையும் அதிலேயே தங்கியுள்ளது. வேடந் தாங்கியவர் எவரையும் ஏமாற்றவில்லை. ஏமாறுவதற்குச் சபையில் எவரும் இல்லை. முகம் மாறுதல் வேறு, வஞ்சித்தல் வேறு என்பதை நிறுவுதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

இதனைக் கூறுமிடத்துக் களரியைப் பொற்காலமாகக் காட்டும் பிழையையும் தவிர்த்தல் வேண்டும். பெரிய வேடங்கள் எவரைச் சென்றடைந்தன என்பதிலே குடிப்பெருமையும் சாதிநிலையும் செல்வாக்கும் பங்குகொண்டன. பெண்கள் நெடுங்காலம் சபையில் இருந்தனரேயன்றிக் களரியில் இருந்தாரில்லர். எல்லாம் அறிந்த சபை எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் சபையுமாகும். இவ்வுண்மைக்குப் பின்னர் மீளுவோம்.

3

அரங்கின் வடிவம் ஆடுவோரின் உடலையே மாற்றவல்லது என்பதற்கும் கூத்தின் வரலாற்றிலேயே சான்றுண்டு. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியவற்றை மேடையேற்றினார். விடியும்வரை ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணி நேரத்துள் அடங்கியது. நாற்புறமும் நோக்கி ஆடிய ஆட்டம் ஒருபுறத்துச் சபையை நோக்கித் திரும்பியது. ஒளியமைப்பு வந்தது. ‘இராவணேச’னில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு மட்டக்களப்புக் கூத்துமரபினுள் வளர்ந்தவர். களரிக்குப் பழகிய உடல் படச்சட்ட மேடைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது.

இம்மாற்றம் நன்றா தீதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. கூத்தைத் தேசிய அரங்கிற்கு உயர்த்திய பணி அது என்பர் ஒருசாரார். ஊரிலிருந்தும் களரியிலிருந்தும் அதைப் பெயர்த்தெடுத்த செயல் என்பர் மற்றொரு சாரார். பின்னர் சி. ஜெயசங்கரும் அவர் சார்ந்த மூன்றாவது கண் குழுவினரும் மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊராரோடு இணைந்து களரியிலேயே மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் இவ்விவாதத்திற்கு ஒரு செயல்வடிவ விடையாகும்.

நமது பொருளுக்கு வேண்டுவது இதுவே: ஒரே ஆட்டக்காரர், ஒரே இராவணன், அரங்கு மாறியதும் காட்டப்படும் உரு மாறியது. அதனை எவரும் பொய்ம்மை என்றாரில்லர். மேடை மாற்றம் என்றே கூறினர். முகநூலிலும் டிக்டொக்கிலும் ஒருவர் வேறுவேறாகத் தோன்றுதலை இவ்வாறு நோக்குவதற்கு நாம் ஏன் தயங்குதல் வேண்டும்?

4

கூத்திலிருந்து அன்றாட வாழ்வுக்கு வருவோம். வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். நகரமும் பெருந்தெருவும் அலுவலகங்களும் எழுவான்கரையில் உள்ளன. பரந்த வயல்களும் பழைய வேளாண்மைக் கிராமங்களும் படுவான்கரையில் உள்ளன. படுவான்கரையிலிருந்து கச்சேரிக்கோ வைத்தியசாலைக்கோ செல்பவர் வாவியைக் கடக்க வேண்டும். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையிலும், அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையிலும் ‘பாதை’ எனப்படும் மிதவைப்படகு இதற்கு உதவியது. வயலிற் பேசிய பேச்சும் வயலிற் கொண்ட தோற்றமும் அக்கரையிற் செல்லுபடியாகா என்பதைக் கடப்பவர் அறிவார். வாவியைக் கடக்கும் நேரம் அவருக்கு முகம் மாற்றிக்கொள்ளும் நேரமுமாயிற்று. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் சில நிமிடங்களில் அக்கரை சேரலாயினர். பாலத்தின் பயன் பெரிது. ஆயினும் இரு கரைகளுக்கும் இடையே இருந்த கால இடைவெளி அதனாற் சுருங்கிற்று என்பதும் உண்மையே. கைத்தொலைபேசி இவ்விடைவெளியை முற்றாகவே இல்லாதாக்கியது.

பெயர் பற்றியும் நோக்குதல் தகும். வாவிக்கரைத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வந்தவர்கள். டெனிஸ் மக்கில்ரேயின் கிழக்கிலங்கை பற்றிய நூல் (2008) இதனை விரிவாக ஆராய்ந்துள்ளது. ஒருவர் எக்குடி என்பது தாயால் அமைவது. அவரது பெயருக்கு முன்னே நிற்கும் முதலெழுத்தோ தந்தையுடையது. கோயிற் திருவிழாவில் வண்ணக்கர் முன்னிலையில் முறைமை பெறும்போது அவர் தாயின் குடியினர். பாடசாலைப் பதிவேட்டிலும் அடையாள அட்டையிலும் அவர் தந்தையின் பிள்ளை. இரண்டும் உண்மை. எதனை எங்கே காட்டுவது என்பதையே வழக்கு வரையறுத்தது.

முகநூலோ அன்றாட வாழ்வில் அறியப்படும் பெயரையே தருமாறு கேட்பது. அதனை முதற்பெயர், குடும்பப்பெயர் எனக் கூறுபடுத்தித் தருமாறும் கேட்பது. குடும்பப்பெயர் என்ற ஒன்று மரபிலே இல்லாத தமிழர் அக்கட்டத்தில் தந்தை பெயரையோ, கணவன் பெயரையோ, ஊர்ப்பெயரையோ இட்டு நிரப்புகின்றனர். அன்றாட வாழ்விலே அவரை எவரும் அவ்வாறு அழைப்பதில்லை. ‘மனே’ என்றும் ‘மச்சாள்’ என்றும் ‘மாமி’ என்றும் முறைசொல்லி அழைக்கப்படுபவருக்கு, அன்றாட வாழ்வில் அறியப்படும் தனிப்பெயர் ஒன்று உண்டு என்பதே வேறொரு பண்பாட்டின் எண்ணமாகும். உண்மைப் பெயரைத் தருக என்ற கட்டளைக்குப் பணிந்து உருவாக்கப்படும் பெயரே பலருக்கு முதற் புனைபெயராக அமைந்துவிடுவது சிந்திக்கத்தக்கது.

5

ஊடகந்தோறும் முகம் வேறுபடும் முறையை இனி நோக்கலாம். எழுத்திலும் பேச்சிலும் இவ்வேறுபாடு வெளிப்படையாகத் தெரிகின்றது. முகநூலில் எழுதும் வாவிக்கரையார் பெரும்பாலும் பொதுத்தமிழையே நாடுவர்; மரண அறிவித்தலும் வாழ்த்தும் கண்டனமும் அங்கு ஏட்டுத் தமிழிலேயே வரும். அவரே வட்ஸ்அப்பிற் குரற்செய்தி அனுப்பும்போது ‘மறுகா’ என்றும், ‘கிறுகி’ என்றும், ஒத்த வயதுப் பெண்ணை ‘என்னகா’ என்றும் தயக்கமின்றிப் பேசுவார். எழுத்து ஊடகம் மறைத்த மட்டக்களப்புத் தமிழைக் குரல் ஊடகம் மீட்டுத் தந்தது எனலாம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் உறவினர் இப்பேச்சைக் கேட்கவே குரற்செய்தியை விரும்புவது இயல்பானது.

நிலைச்செய்தியாக இடப்படும் பாடல்வரிகளும் பொன்மொழிகளும் இன்னொரு வகையின. ஒருவருக்காக இடப்பட்டவை அவை. ஆனால் அவர் பெயர் சுட்டப்படுவதில்லை. உரியவருக்கு மட்டும் விளங்கும். ஏனையோருக்குப் பொதுவான பாடலாகவே தோன்றும். சாடையாகச் சொல்லுதல் என நம் மக்கள் வழங்கும் பேச்சுமுறையின் தொடர்ச்சியே இது. அகத்திணையிலே தலைவன் தலைவியரின் இயற்பெயர் சுட்டலாகாது என விதித்த இலக்கணத்தைக் கற்றோர்க்கு இதன் உட்பொருள் எளிதிற் புலனாகும். பெயரை மறைத்தல் அங்கு உணர்வை மறைப்பதற்கன்று, உணர்வைச் சொல்வதற்கே.

வளைகுடா நாடுகளிற் பணிபுரியும் பெண்களின் நிலை இதனினும் நுட்பமானது. அந்நாடுகள் சிலவற்றில் வட்ஸ்அப் அழைப்புகள் தடுக்கப்பட்டிருந்தமையால் ஐஎம்ஓ போன்ற வேறு செயலிகள் வீட்டாரோடு பேச உதவின. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். ஏறாவூரிலிருந்தோ வாகரையிலிருந்தோ சென்ற தாயொருத்தி பிள்ளையோடு பேசுமுன் முகங்கழுவிப் புத்தாடை உடுத்துச் சமையலறைச் சுவர் தெரியாத இடத்தில் அமர்கின்றாள். பிள்ளைக்கு அவள் காட்டும் முகம் களைப்பில்லாத முகம். உடன் பணிபுரியும் தோழிக்குக் காட்டும் முகம் வேறு. முதலாவது பொய் என எவர் துணிந்து கூறுவர்?

பண்பாட்டுக்குப் பண்பாடு இது வேறுபடுமாற்றை ஒப்புநோக்க இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மானிடவியலாளர் டானியல் மில்லரும் குழுவினரும் 2016 முதல் வெளியிட்ட நூல்கள் உதவுவன. அவ்வரிசையில் ஸ்ரீராம் வெங்கட்ராமன் எழுதிய நூல் (2017) சென்னைக்கு அருகே, பஞ்சகிராமி எனப் புனைபெயரிட்ட பகுதியைப் பற்றியது. அங்கே சமூக ஊடகப் பயன்பாடு குடும்பம், சாதி, வர்க்கம் என்னும் பழைய உறவுகளின் வழியிலேயே செல்வதை அது காட்டுகின்றது. துருக்கியின் தென்கிழக்கே மார்தின் நகரைப் பற்றி எலிசபெத்தா கொஸ்தா எழுதியது (2016), பலருங் காணும் முகநூற் பக்கத்தில் ஒழுக்கக் கட்டுப்பாட்டையும், மறைவான உரையாடல்களிற் கட்டற்ற நெருக்கத்தையும் ஒருவரே பேணுவதை விளக்குகின்றது. மில்லர் திரினிடாட் பற்றித் தரும் செய்தி நமக்கு இன்னும் நெருக்கமானது. மனிதனின் உண்மை உள்ளே ஒளிந்திருப்பதன்று, அவன் பிறருக்குக் காட்டும் தோற்றத்திலேயே உள்ளது என்னும் நோக்கு அங்கு உண்டு. களியாட்ட விழாவில் அணியும் வேடமே ஒருவர் யாரென்பதைக் கூறும் என்பர். வேடம் உண்மைக்கு எதிர்ச்சொல் என்ற கருத்து உலகப் பொதுவானதன்று என்பது இதனாற் பெறப்படும்.

6

பல முகங்கள் பழையன எனின், புதியது யாது? சபைகளுக்கிடையே இருந்த எல்லை கரைந்ததே புதியது. மின்னூடகங்கள் சபைகளை ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதை ஜோசுவா மெய்ரோவிற்ஸ் 1985 இலேயே தொலைக்காட்சியை வைத்து எடுத்துரைத்தார். சமூக ஊடக ஆய்வாளர்கள் அதனைச் சூழல்களின் சரிவு என்பர். வட்ஸ்அப் குழுவொன்றில் 2022 முதல் 1024 பேர் வரை சேரலாம். இது ஓர் ஊர்க்களரியின் சபையளவே. சபையினர் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிவர். டிக்டொக்கோ காணொளியை எவர்முன் வைப்பது என்பதை உறவைக் கொண்டு தீர்மானிப்பதில்லை. இயந்திரக் கணிப்பைக் கொண்டு தீர்மானிப்பது. அங்குள்ள சபைக்கு ஆடுபவரைத் தெரியாது. ஆடுபவருக்குச் சபையைத் தெரியாது. இரட்டையறிவு அங்கே அறுந்துபோகின்றது. தோழியரைச் சிரிக்கவைக்க நடித்த ஒரு நிமிடக் காட்சி வேற்றூரில் அப்பெண்ணின் ஒழுக்கத்துக்குச் சான்றாகக் கொள்ளப்படும் விபரீதம் இவ்வறுதலினாலேயே நேர்கின்றது.

இதன் கொடிய வடிவத்தை 2018 பெப்ரவரியில் அயல்நகராகிய அம்பாறையிற் கண்டோம். முஸ்லிம் உணவகமொன்றில் உணவோடு கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டது என்ற வதந்தி எழுந்தது. கூட்டம் சூழ்ந்து மிரட்டிச் சிங்களத்தில் வினவ, அம்மொழியிற் போதிய பயிற்சியில்லாத உணவகத்தார் ஆம் எனும் பொருள்படக் கூறியது காணொளியாகப் பதிவாகி முகநூலிற் பரவிற்று. பரிசோதனையில் அது மாத்திரையன்று, மாப்பொருளே எனத் தெளிவாயிற்று. எனினும் அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. மார்ச் தொடக்கத்திற் கண்டி மாவட்டத்தில் வன்செயல் வெடித்தது. அரசு சமூக ஊடகங்களைச் சில நாட்கள் தடைசெய்தது. அவ்வன்செயலில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கோரியது. அம்மனிதர் அக்காணொளியிற் காட்டிய முகம் அவர் காட்டியதன்று. கூட்டத்தார் அவர்மேற் பூட்டியது. பூட்டியவர்களோ படத்தில் இல்லை. பார்த்த சபை வேடத்தை மட்டும் கண்டது. வேடம் வந்த விதத்தை அறியவில்லை.

ஆகவே மறைத்தலை இருவகையாகப் பகுத்தல் வேண்டும். ஒன்று புனைபெயர் மரபு. பெரியநீலாவணையைச் சேர்ந்த க. சின்னத்துரை ‘நீலாவணன்’ என எழுதினார். இயற்பெயர் பின்னே நின்றது. ஊர் முன்னே வந்தது. எழுதியதற்குப் பொறுப்பேற்கும் ஒருவர் உளர் என்பதை வாசகர் அறிந்தனர். சாய்ந்தமருதைச் சேர்ந்த கவிஞர் ‘அனார்’ என்ற புனைபெயரில் எழுதிவருபவர். ‘எனக்குக் கவிதை முகம்’ (2007) என அவர் தம் தொகுதிக்கு இட்ட தலைப்பு, ஏற்றுக்கொண்ட முகமும் ஒருவருக்கு உண்மை முகமாகலாம் என்பதை உணர்த்துகின்றது. இவ்வகை மறைப்பு பேசமுடியாதவரைப் பேசவைப்பது. முன்னர்க் கூறிய எல்லாம் அறிந்த சபையின் கட்டுப்பாட்டிலிருந்து பெண்ணுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் ஒரு வாயிலைத் திறப்பது. அறியாத சபை சிலருக்கு ஆபத்தாவது போலச் சிலருக்குப் புகலிடமும் ஆகின்றது.

மற்றையது, போர்க்காலத்தில் இம்மண் கண்ட தலையாட்டியின் மறைப்பு. சுற்றிவளைப்பில் வரிசையாக நிறுத்தப்பட்டோர் முன்னே, முகம் மூடப்பட்ட ஒருவர் தலையை ஆட்டுவார் அல்லது ஆட்டாது விடுவார். வரிசையில் நின்றவர் தம் முகத்தை முழுமையாகக் காட்ட வேண்டும். தீர்ப்பவரின் முகத்தை அவர் காணமுடியாது. தலையாட்டியும் பல வேளைகளில் அச்சத்துக்கு ஆட்பட்டவரே என்பதையும் மறத்தலாகாது. எனினும் அவ்வமைப்பின் கொடுமை தெளிவானது: ஒரு பக்கம் முற்றாகத் தெரிய, மறுபக்கம் முற்றாக மறைந்திருந்தது. போலிக் கணக்கொன்றினால் ஓர் ஆசிரியையின் படத்தை இட்டு அவதூறு பரப்புபவரும், ஒரு சமூகத்தின்மேல் வதந்தியை ஏவுபவரும் புனைபெயர் மரபைச் சேர்ந்தவரல்லர், இவ்வமைப்பைச் சேர்ந்தவர். இருவரும் முகத்தை மறைக்கின்றனர் என்பதால் இருவரையும் ஒரே தட்டில் வைத்தல் ஆய்வுமன்று, நீதியுமன்று.

7

இவ்வேறுபாடு வெறும் ஏட்டு வேறுபாடன்று. 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் உள்ளிட்ட இடங்களிற் குண்டுவெடித்த நாளன்றே அரசு மீண்டும் சமூக ஊடகங்களைத் தடைசெய்தது. அம்மாத இறுதியில் அவசரகால விதியின்கீழ் முகத்தை மூடும் ஆடை பொது இடங்களிற் தடைசெய்யப்பட்டது. காத்தான்குடி முதலிய ஊர்களின் பெண்கள் பலர் அதனால் வெளியே செல்லத் தயங்கினர். முகத்தைத் திறந்துகாட்டுபவரே நம்பத்தக்கவர் என்ற எண்ணம் அன்று சட்டமாயிற்று. 2024 இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க்கூற்று, ஆள்மாறாட்டம், நம்பகமற்ற கணக்கு ஆகியவற்றைக் கட்டுப்படுத்த முற்படுகின்றது. அவதூறுக்கு ஆளான பெண்ணுக்கும் வதந்தியால் எரிந்த கடைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் முகத்தை மறைப்பவர் எவருக்கு எதிராக மறைக்கின்றார், எளியவருக்கு எதிராகவா வலியவருக்கு எதிராகவா என்ற வினாவைக் கேளாத சட்டம், தலையாட்டியைத் தேடிச் சென்று புனைபெயர்க் கவிஞரைப் பிடித்து வரக்கூடும்.

சமூக ஊடகங்களைப் பற்றி எழுதும் நம்மவரும் ஒருவரின் முகங்களை எண்ணிப் பார்ப்பதிலேயே காலங் கழித்துவிட்டனர். கேட்க வேண்டியது வேறு. பார்ப்பவர் தாம் காண்பது வேடமென அறிவரா? வேடத்தின் பின்னே நிற்பவர் பொறுப்பேற்பாரா? பார்க்கப்படுபவர் தம்மைப் பார்ப்போரை அறிவரா? இம்மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்குமிடத்து ஒருவர் பத்து முகங் காட்டினும் அது கூத்தே. மூன்றுக்கும் இல்லை என்னும் விடை கிடைக்குமிடத்து ஒரே முகங் காட்டினும் அது வஞ்சனையாதல் கூடும். இடைப்பட்டவை பல. இரண்டாம் வினாவுக்கு ஆம் எனும் புனைபெயர்க் கவிஞரும், மூன்றாம் வினாவுக்கு இல்லை எனும் டிக்டொக் இளைஞரும் அவற்றுள் அடங்குவர். அவற்றைத் தனித்தனி ஆராய்தலே திறனாய்வின் கடமை.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய கருவிகளை மேனாட்டு நூல்களிலிருந்து மட்டுமே பெறவேண்டும் என்பதில்லை. கொஃப்மன் காணாத ஓர் அரங்கை வாவிக்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்துள்ளனர். அக்களரியின் குறைகளை அறிந்து, அதிலே இடம் பெறாதோரையும் உள்ளே அழைத்து, அதன் இரட்டையறிவை இன்றைய திரைக்கும் கொண்டுவரும் வழிகளைச் சிந்திப்பது நம் பல்கலைக்கழகங்களில் ஊடகமும் அரங்கியலும் கற்போர் ஒருங்கே மேற்கொள்ளத்தக்க பணியாகும். அப்பணிக்கு இக்கட்டுரை ஒரு தொடக்கமாக அமையின் அதன் நோக்கம் நிறைவேறியதாகும்.